மூன்று விசில் வரும்வரை காத்திருக்கவும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் கேட்டால் மழுப்பிவிடுவேன்.

இது கதையாகப் பிறக்கவில்லை. ‘எதை வாங்கலாம்: எலக்ட்ரிக் பிரஷர் குக்கரா, ஸ்லோ குக்கரா?’ என்ற தலைப்பில், வீட்டுச் சாமான்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்காக, அறுநூறு சொற்களில் எழுதப்பட வேண்டிய கட்டுரை. நிறுவனம் இரண்டையுமே விற்கிறது. அதனால் என் மேலாளர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். “ரெண்டையும் புகழுங்க. ஒண்ணைத் தூக்கி இன்னொண்ணை இறக்கிடாதீங்க. முடிவை வாசிக்கிறவங்க கையில விட்டுடுங்க.”

அந்த நிறுவனத்தில் பதினாறு வருடம் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதினேன். புதுச் சாமான் வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் தெர்மகோலோடு சேர்த்து ஒரு சிறு புத்தகத்தைத் தூக்கிப் போடுவீர்களே, அதன் ஆசிரியர் நான்தான். உங்களை நான் மன்னித்துவிட்டேன்.

கட்டுரையில் இருநூற்றுப் பத்தாவது சொல்லில் இருந்தபோது என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி முன்னூற்றுத் தொண்ணூறு சொற்கள் தொண்டையிலேயே நின்றுபோயின. அவைதான் குட்டி போட்டு இப்படிக் கதையாகிவிட்டன.

வேலை போனது என் மனைவிக்குத் தெரியாது. கதையே இதுதான். கெட்டிக்கார எழுத்தாளர்கள் இதை ஏழாம் பகுதிவரை பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எச்சரிக்கையை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுப் பழகிய கை இது.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள்தான். ஆக, இதை எழுதி முடித்து அவள் கையில் கொடுத்தால் போதும், சொல்லியதாகிவிடும். நேருக்கு நேர் சொல்ல நாக்கு புரளாததால் எழுதுகிறேன். கோழை என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்.

2

தொடக்கம் ஒன்று: “சமையலறையில் ஆவி மண்டியிருந்தது. அவளுடைய நெற்றியில் வியர்வை முத்து முத்தாக…” (கைவிடப்பட்டது. என் மனைவிக்கு வியர்வை முத்து முத்தாக வருவதில்லை. எல்லோருக்கும் வருவதுபோலத்தான் வருகிறது.)

தொடக்கம் இரண்டு: “யோசித்துப் பார்த்தால் மனித வாழ்க்கையும் ஒரு குக்கர்…” (கைவிடப்பட்டது. யோசித்துப் பார்த்ததில்.)

தொடக்கம் மூன்று: “எச்சரிக்கை: இக்கதையைத் திறப்பதற்கு முன், உள்ளே உள்ள அழுத்தம் முழுவதும் வெளியேறிவிட்டதா என உறுதிசெய்துகொள்ளவும்.” (இது பரவாயில்லை. ஆனால் அழுத்தம் வெளியேறவில்லை என்பதுதானே பிரச்சினை.)

சரி, அவளை அறிமுகம் செய்துவிடுகிறேன். என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சி வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பதினாலு வருடமாக அந்தப் பிரேக்கில் கால் வைத்தே இருந்ததால், சோபாவில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கும்போதும் சில இடங்களில் அவள் வலது கால் லேசாகத் தரையை அழுத்தும். நான் உடனே நிறுத்திவிடுவேன்.

என் எழுத்தையும் அப்படித்தான் திருத்துவாள். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதுவாள்: “இண்டிகேட்டர் போடாம திரும்புற.” “இங்க எதுக்கு இவ்வளவு ஹாரன்?” ஒருமுறை முழுப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே குறிப்பு: “வண்டி நியூட்ரல்ல நிக்குது.”

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமாக அவள் என்னை ‘நீ’ என்பாள். கோபம் வந்தால் ‘நீங்க’. கல்யாணமான புதிதில் எனக்கு இது புரியாமல், மரியாதை கிடைக்கிறதே என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

3

வேலை எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரியால் போனது.

எலக்ட்ரிக் பிரஷர் குக்கரின் கையேடு, பதினோராம் பக்கம், படி ஆறு. “மூடியிலுள்ள சிறு முள் தானாகக் கீழே இறங்கும்வரை காத்திருக்கவும்” என்று எழுத வேண்டும். நான் எழுதியது: “மூன்று விசில் வரும்வரை காத்திருக்கவும்.”

அந்தக் குக்கரில் விசில் கிடையாது. இந்த ஜென்மத்தில் அது விசிலடிக்காது. அதில் இருப்பது ஒரு சின்னத் திரை, சில பொத்தான்கள், வெந்து முடிந்ததும் ‘பீப்’ என்று ஒரு சிணுங்கல், அவ்வளவுதான். எல்லாம் எனக்குத் தெரியும். கைதான் எழுதியது. குக்கர் என்று எழுதினால் அடுத்தது விசில் என்று அதற்கு ஒரு பழக்கம்.

என்னை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நாலு பேர் பிழை பார்த்தார்கள். நால்வரும் அந்த வரிக்கு வந்ததும் மனசுக்குள் மூன்று விசிலைக் கேட்டுக்கொண்டு, திருப்தியோடு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். புத்தகம் அச்சாகி, பெட்டிகளுக்குள் போய், வீடுகளுக்குள்ளும் போய்விட்டது.

பிறகு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. “காலைலேர்ந்து எதிர்லயே உக்காந்திருக்கேன், ஒரு விசில்கூட வரல” என்று ஒரு அம்மா. “ஊமைக் குக்கர் வந்திருக்கு, மாத்திக் கொடுங்க” என்று ஒருவர். பொறுத்துப் பார்த்து முடியாமல், தானே மூன்று முறை விசிலடித்துவிட்டுத் திறந்த ஒருவர்கூட இருந்தார். நன்றாக வெந்திருந்ததாம். அவர் புகார் சொல்லவில்லை, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார்.*

மேலாளர் கையேட்டை என் முன்னால் விரித்து வைத்தார். “சார், இதுல விசிலே கிடையாதே.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா எழுதினீங்க?”

அன்று மாலை மேசையைக் காலி செய்தேன்.

(* இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுத ஆசை. அவளிடம் சொன்னால், “முதல்ல இதை முடி” என்பாள்.)

4

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நேரம் விசிலில்தான் ஓடும். “குளிச்சிட்டியா?” “ரெண்டு விசில்ல வந்துடுறேன்.” “உன் தங்கச்சி போன்ல எவ்வளவு நேரம் பேசினா?” “பத்து விசில் இருக்கும், பாத்திரமே தீஞ்சிருக்கும்.” அவள் ஒருமுறை பயிற்சி வண்டியில், “அரை விசில் நேரம் கிளட்சை அப்படியே பிடிங்க” என்று சொல்லிவிட, கற்றுக்கொள்ள வந்த பையன் ஹாரனை அடித்தானாம்.

ஒரு விசில் ஏழு நொடி. அளந்திருக்கிறேன், தொழில் புத்தி. அந்த ஏழு நொடியில் சமையலறையில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் ஒரு நேர்மையான மனிதனாகிவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவேன், விசில் அடிக்கும்போது. அவளுடைய ஸ்கூட்டரின் கண்ணாடியை உடைத்தது நான்தான் என்பதை அப்படித்தான் சொன்னேன். என் தங்கை குடும்பத்தோடு மூன்று வாரம் தங்க வருவதையும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, “முன்னாடியே சொன்னேனே” என்று நான் சொன்னது சத்தியமான வார்த்தை.

வேலை போன அன்று மாலை. அடுப்பில் குக்கர், உள்ளே பீன்ஸும் உருளைக்கிழங்கும். அவள் அப்போதுதான் வகுப்பு முடிந்து வந்து, மேடையில் சாய்ந்து நின்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுவிட்டு, மழை இல்லாத கண்ணாடியைத் துடைத்தபடியே திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். முதல் விசில் வந்தது. நான் மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். மூன்றாவது விசில் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்: “எனக்கு வேலை போயிடுச்சு, அந்த விசில் வரியால.”

சொன்ன பிறகும் மூன்று நொடி மிச்சமிருந்தது. “மன்னிச்சுடு” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அடுப்பை அணைத்தாள். “தட்டு எடுத்து வெச்சிடுறியா?” என்றாள். வைத்தேன்.

சொன்னது சொன்னதுதான், கேட்காதது அவள் பாடு. ஆறு வாரமாக என்னிடம் நானே இப்படித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். வக்கீலும் நானே, நீதிபதியும் நானே. அப்படியிருந்தும் வழக்கு தோற்றுக்கொண்டே வருகிறது.

5

(இந்தப் பகுதியில் கையெழுத்து பெரிதாக இருக்கும். அச்சில் தெரியாது. காரணம் கீழே.)

வேலை இல்லாதவன் தினமும் காலையில் எங்கே போவான்? நான் கண் மருத்துவமனைக்குப் போகிறேன். காத்திருக்கும் கூடத்தில் நாற்பது நாற்காலிகள், மின்விசிறி, குடிக்கத் தண்ணீர். எல்லோர் கையிலும் ஒரு காகிதம், என் கையிலும். யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்தக் கதை இதுவரை அங்கேதான் எழுதப்பட்டது.

ஒருநாள் நர்ஸ் ஒருத்தர் வரிசையாகத் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வந்தார். “நான் நோயாளி இல்லை” என்று சொல்ல ஒரே ஒரு நொடிதான் இருந்தது. சொன்னால், “அப்போ யாரு நீங்க?” என்று கேட்பார். தலையைச் சாய்த்துக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் விட்டார். மாலைவரை என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஒரு உண்மையைச் சொல்வதைவிடக் கண்ணைக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்று எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

மத்தியானம் டிபன் பெட்டியைத் திறப்பேன். அவள் கட்டிக் கொடுத்தது. ஆபீசில் கடைசி இரண்டு வருடம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வாரமாக அவளே டிபன் கட்டித் தருகிறாள், ஏன் என்று நானும் கேட்டதில்லை.

6

இரண்டு வாரத்துக்கு முன் குக்கர் செத்துப்போனது. வெயிட் அடைத்து, காஸ்கெட் வெடித்து, அடிப்பிடித்து, கடைசியில் ஒரு விசில்கூட அடிக்காமல் போய்ச் சேர்ந்தது. அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “விசில் போதும். சத்தம் போடாத ஒண்ணு வாங்கு.”

என் வாய்மையே அந்த ஏழு நொடியில்தான் இருக்கிறது.

“எது நல்லதுன்னு ஒரு வார்த்தைல சொல்லு,” என்றாள். “பதினாறு வருஷமா இதைத்தானே எழுதற.”

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடாது என்பதுதானே பதினாறு வருடச் சம்பளம். வாய் தானாக ஓடியது. “எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்னா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். காலைல அவசரத்துக்கு அதுதான். ஆனா ஸ்லோ குக்கர்ல எட்டு மணி நேரம் மெதுவா வேகும், வெச்சிட்டு வேலைக்குப் போயிடலாம், வந்தா சுடச்சுட இருக்கும். அடிக்கடி மூடியைத் திறந்து பாக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் பின்னாடி போயிடும். ராஜ்மா மாதிரியானதைத் தனியா கொதிக்க வெச்சிட்டுத்தான் போடணும். பிரஷர் குக்கர்ல அந்தக் கவலை இல்ல. ஆனா…”

அவள் வலது கால் தரையை அழுத்தியது. “எனக்கு ஸ்லோ குக்கர்தான்.”

இந்த இடத்தில் எழுத்தாளனாக எனக்கு ஒரு சந்தேகம். சிக்னல் பச்சையாவதற்கு மூன்று நொடி முன்பே கியர் போடுகிறவள், லிஃப்ட் பொத்தானை ஐந்து முறை அமுக்குகிறவள், எட்டு மணி நேரம் வேகும் பாத்திரத்தைக் கேட்பாளா? நீங்கள் நம்ப மாட்டீர்கள். காரணம் ஒன்று கண்டுபிடித்தாக வேண்டும். முயற்சி அ: வயதாகி நிதானம் வந்துவிட்டது. (இதை அவள் படித்தால் என் கதை முடிந்தது.) முயற்சி ஆ: நிறம் பிடித்திருக்கிறது. (பார்க்கவே இல்லை.) முயற்சி இ: அவளுக்கு ஏதோ… (எழுத வரவில்லை. விட்டுவிட்டேன்.)

என் காரணம் மட்டும் தெளிவாக இருந்தது. எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் விசில் இல்லாவிட்டாலும், ஆவியை உடனே வெளியேற்ற ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் முழுசாக ஒரு நிமிடம் ‘புஸ்’ஸென்று சீறும். ஏழு நொடிக்கு அறுபது நொடி! அதற்குள் நான் பிறந்ததிலிருந்து செய்த எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம். ஸ்லோ குக்கரோ எட்டு மணி நேரமும் பேசாமடந்தையாக உட்கார்ந்திருக்கும்.

7

சனிக்கிழமை கடைக்குப் போனோம். விற்பனையாளர் இளைஞர், மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் பழைய நிறுவனத்துச் சரக்கு. நான் வேறு பிராண்டைக் காட்டச் சொன்னேன். “எதுக்கு, உங்க கம்பெனிதானே?” என்றாள் அவள். நான் விலைச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

“மேடம், பிரஷர் குக்கர் பிரமாதம். ஆனா இதுல வர்ற மேனுவலை மட்டும் படிச்சிடாதீங்க,” என்று இளைஞர் சிரித்தார். பதினோராம் பக்கத்தை விரித்தார். “மூணு விசில் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமாம்! எந்தப் புண்ணியவானோ எழுதியிருக்கார். வேலைய விட்டே தூக்கிட்டாங்களாம் அவரை.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் யாரோ மிக்ஸியை ஓட விட்டார்கள். ‘எந்தப் புண்ணியவானோ’ என்பதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. அவள் நிதானமாக, “வாரண்டி எத்தனை வருஷம்?” என்று கேட்டாள்.

(இங்கே நிறுத்துகிறேன். நீங்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் தெரிகிறது. மிக்ஸி எதுவும் ஓடவில்லை. அதை நான்தான் ஓட விட்டேன், கதைக்குள். கடை நிசப்தமாக இருந்தது. ‘தூக்கிட்டாங்களாம் அவரை’ என்ற இரண்டு சொல்லும் மணி அடித்ததுபோல் விழுந்தன. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இடைவெளி. அவள் வாரண்டி கேட்டது மட்டும் நிஜம்.)

“யோசிச்சு வர்றோம்” என்று இளைஞரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வண்டியில் ஏறியதும், “சீட் பெல்ட் போட்டுக்கோங்க,” என்றாள்.

போட்டுக்கோங்க.

வீடு வரும்வரை அந்த ‘ங்க’ எங்கள் இருவருக்கும் நடுவில் பின்சீட்டுக் குழந்தைபோல உட்கார்ந்து வந்தது.

8

மறுநாள் காலை, ஒன்று முதல் ஏழுவரை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அவள் முன் வைத்தேன். “கதை. படிச்சுப் பாரு.” அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். நான் எதிரே நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

வியர்வை வரியின் ஓரத்தில், “நன்றி.” ‘கேட்காதது அவள் பாடு’ என்ற இடத்தில், “இதை எங்கிட்ட நேர்ல சொல்லிப் பாரு.” கண் மருத்துவமனைப் பக்கத்தில், “அன்னிக்குக் கண்ணு ஆந்தை மாதிரி இருந்துச்சு. கேட்டா தூசின்னு சொன்ன.” மிக்ஸியின் மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி. வேலை போனது வரும் இடங்களில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. ஆச்சரியக்குறிகூட இல்லை.

“உனக்கு எப்போ தெரியும்?” என்று கேட்டேன். “நேத்தா?”

“மூணாவது விசில்ல.”

“அந்தச் சத்தத்துலயா?”

“எஞ்சின் சத்தம், ஹாரன் சத்தம், பின்னாடி வர்றவன் திட்டற சத்தம், இதுக்கெல்லாம் நடுவுல, பயந்துபோனவங்க வாய்க்குள்ளயே முனகுறதைப் பதினாலு வருஷமா கேட்டுட்டு இருக்கேன். ‘பிரேக் எது’ன்னு யாரும் சத்தமா கேக்க மாட்டாங்க.”

“ஸ்கூட்டர் கண்ணாடி?”

“கேட்டுச்சு.”

“தங்கச்சி வர்றது?”

“அதுக்குத்தானே முந்தின நாளே படுக்கையெல்லாம் வெயில்ல போட்டேன். ஏன்னு யோசிக்கவே இல்லையா நீ?”

யோசிக்கவில்லை. டிபன் பெட்டியைப் பற்றியும் யோசிக்கவில்லை. ஆபீஸ் இல்லை, கேன்டீன் இல்லை, இவன் மத்தியானம் எங்கே சாப்பிடுவான் என்று தெரிந்தேதான் ஆறு வாரமும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வை மாதிரித்தான், முத்து முத்தாக எல்லாம் இல்லை.

“அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?”

“ஒரு தடவையாவது சத்தம் இல்லாதப்போ சொல்லுவன்னு பாத்தேன்.”

‘நீ’க்குத் திரும்பியிருந்தாள். நான் மூச்சுவிட்டேன். கதை முடிந்தது, நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அவள் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். நாலாம் பகுதியில், சமையலறைக் காட்சியில், ஒரு இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு என் பக்கம் திருப்பினாள். வட்டத்துக்குள் எழுத்தே இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருந்த வெற்றிடம்.

“முதல் விசில் இருக்கு. மூணாவது இருக்கு. ரெண்டாவது எங்க?”

“அதுல ஒண்ணும் நடக்கலையே.”

அவள் பேனாவை மூடினாள்.

“நான் பேசினேன்,” என்றாள்.

9

நீங்கள் நாலாம் பகுதிக்குப் போய்ப் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன். உண்மையிலேயே இல்லை. அந்த ஏழு நொடியும் நான் என் வாக்கியத்தை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட நினைவில்லை. விசிலுக்கு அடியில் ஒளிந்து பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன், மடையன்.

எழுத்தாளன் என்ற முறையில் சில முடிவுகளை முன்வைக்கலாம்.

முடிவு அ: அவளும் ஏதோ ஒரு வண்டியின் கண்ணாடியை உடைத்திருக்கிறாள். என் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. இருவரும் சிரிக்கிறோம். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: போன மாதம் டாக்டரிடம் போனபோது அவர் அவளிடம்… (கைவிடப்பட்டது.)

முடிவு இ: “எனக்குக் கொஞ்ச நாள் தனியா…” (இதுவும் கைவிடப்பட்டது.)

முடிவு ஈ: நல்ல செய்தி ஏதோ. (விசில் சத்தத்தில் யாராவது நல்ல செய்தி சொல்வார்களா? ஆனால் சொல்லக்கூடும். கூச்சப்படுகிறவர்கள் சொல்லக்கூடும்.)

“என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“நீதானே எழுதற. எழுதிக்கோ.”

“எனக்குத் தெரியல. நிஜமாவே கேக்கல. நான் கவனிக்கல.”

இந்த மூன்று வாக்கியங்களையும் நான் அடுக்கி வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் உட்கார்ந்தேன்.

“ஸ்லோ குக்கர் வாங்கலாம்,” என்றேன். பதினாறு வருடத்தில் நான் சொன்ன முதல் முடிவு. “பிரஷர் குக்கர் நல்லதுதான், ஆனா வேண்டாம். எட்டு மணி நேரம் ஆனா ஆகட்டும். நீ சொல்றது எனக்குக் கேக்கணும்.”

“உறுதியா?”

“உறுதியா.”

“அப்போ சொல்றேன்.” வாயைத் திறந்தவள், என் கையைப் பார்த்து நிறுத்தினாள். என் கையில் பேனா இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. கை தானாகச் செய்திருக்கும், அதற்குத்தான் பழக்கமாயிற்றே.

“இதையும் எழுதறியா?”

“பழக்கம்…”

“படிக்கிறவங்க இன்னும் இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அவங்க போகட்டும்.”

கேட்டீர்கள் அல்லவா? உங்களை இவ்வளவு தூரம் கூட்டி வந்தவன் நான்தான், வாசலைக் காட்டுவது மரியாதையில்லை என்று தெரியும். ஆனால் நீங்கள் இருக்கும்வரை அவள் சொல்லப்போவதில்லை. மேலாளர் சொன்னபடியே முடிவை உங்கள் கையில் விட்டுவிடுகிறேன். அ, ஆ, இ, ஈ, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக ஒன்று செய்துகொண்டாலும் சரி. எனக்கு அவள் சொல்வதுதான் வேண்டும். பேனாவைக் கீழே வைக்கிறேன். எழுந்து போய்விடுங்கள், தயவுசெய்து, சத்தம் போடாமல்.